எங்கள் மூச்சை அளந்தீர்கள், முடிவைச் சொன்னீர்களா?

உடலியங்கியல் துறைக்கும் சாதிக்கும் என்ன தொடர்பு? மருத்துவக் கல்லூரி மாணவர்கள் சிலரே இந்தக் கேள்வியை நம்மிடம் கேட்கிறார்கள். இரத்தம் எல்லோருக்கும் சிவப்பு, நுரையீரல் எல்லோருக்கும் இரண்டு, இதில் எங்கே சாதி என்கிறார்கள். சரிதான். உடலில் சாதி இல்லை என்பதைத்தான் நாமும் காலம்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அந்த உடலை யார் அளக்கிறார்கள், யாருடைய உடல் அளக்கப்படுகிறது, அளந்து எடுத்த எண் யாருக்குப் பயன்படுகிறது என்று கேட்டுப் பாருங்கள். கதவைத் தட்டாமலே சாதி உள்ளே வந்து உட்கார்ந்திருப்பது தெரியும்.

மருத்துவம் படிக்காத தோழர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். எம்.பி.பி.எஸ். முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என்று மூன்று முக்கியப் பாடங்கள். உடல் எப்படி அமைந்திருக்கிறது என்பது உடற்கூறியல். அது எப்படி வேலை செய்கிறது என்பது உடலியங்கியல். இதன் செய்முறை வகுப்பில் மாணவர்கள் ஒருவர் உடலை மற்றவர் பரிசோதித்துப் பழகுகிறார்கள். விரலைக் குத்தி இரத்தம் எடுத்து அணுக்களை எண்ணுகிறார்கள். இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். படி ஏறி இறங்கவைத்து நாடித்துடிப்பை எண்ணுகிறார்கள். ஸ்பைரோமீட்டரில் ஊதவைத்து மூச்சை அளக்கிறார்கள். இதே துறையில் எம்.டி. படிப்பவர்கள் ஆய்வேடு கொடுத்தாக வேண்டும். பேராசிரியர்களின் பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகள் வேண்டும். ஆக, கற்பித்தலும் ஆய்வும் ஒரே கூடத்தில் நடக்கின்றன. இரண்டுக்கும் உடல்கள் தேவை. யாருடைய உடல்கள் என்பதுதான் நம் கேள்வி.

வகுப்பறைக்குள் இருக்கும் உடல்

டெல்லியில் சஃப்தர்ஜங் மருத்துவமனையோடு இணைந்த வர்தமான் மகாவீர் மருத்துவக் கல்லூரியில் நடந்ததை இன்றைய மாணவர்கள் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அங்கே பட்டியலின, பழங்குடி மாணவர்கள் ஒரே பாடத்தில் திரும்பத் திரும்பத் தோற்கடிக்கப்பட்டார்கள். அந்தப் பாடம் உடலியங்கியல். மாணவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக விவரங்களைத் திரட்டினார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் போனார்கள். தேர்வு வெளியே வேறொரு கல்லூரியில் நடத்தப்பட்டபோது பெரும்பாலானோர் தேறினார்கள். தேசியப் பட்டியல் சாதிகள் ஆணையம் பால்சந்திர முங்கேகர் தலைமையில் விசாரணைக் குழுவை அமைத்தது. அங்கே சாதிப் பாகுபாடு நடந்தது உண்மை என்று அந்தக் குழு 2012இல் அறிக்கை தந்தது.

இதை நிதானமாக யோசியுங்கள். அதே மாணவர்கள், அதே பாடநூல், அதே இதயத்துடிப்பு வரைபடம். மாறியது தேர்வு நடந்த இடமும் தேர்வு நடத்தியவர்களும் மட்டும்தான். "தகுதி" என்று சொல்லி நம்மை அடிக்கிற கைகள் எத்தனை எத்தனை இருக்கின்றன! தகுதியை அளக்கும் கருவியே பழுது என்று நிரூபித்துக் காட்டிய வழக்கு இது. எய்ம்ஸ் பற்றி 2007இல் சுகதேவ் தோரட் குழு கொடுத்த அறிக்கையும் இதையே சொன்னது. செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தமக்கு நியாயம் கிடைப்பதில்லை என்று பட்டியலின, பழங்குடி மாணவர்கள் அந்தக் குழுவிடம் கூறினார்கள். எழுத்துத் தேர்வின் விடைத்தாளை மறுபடி எடுத்துத் திருத்தலாம். வைவாவில் கேட்ட கேள்விக்கும், அந்தக் கேள்வி வந்த தொனிக்கும் எந்தப் பதிவும் கிடையாது. சாதிக்குப் பிடித்த இடம் அதுதான்.

தமிழ்நாட்டில் 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. தமிழ் வழியில் படித்து, குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைகள் அதன் வழியாக வருகிறார்கள். சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அதை ஆங்கிலத்தில், நான்கு பேர் முன்னால், நின்ற இடத்தில் சொல்லத்தான் நாக்கு புரளாது. அதை "தெரியவில்லை" என்று மதிப்பெண் பட்டியலில் எழுதுவது கற்பித்தலின் தோல்வி. உடலியங்கியலை முதல் தலைமுறை மாணவருக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தால் மனதில் நிற்கும் என்று ஆராய்வதும் ஆய்வுதான். நம் கல்லூரிகளில் அதற்குப் பஞ்சமில்லாமல் தலைப்புகள் இருக்கின்றன.

இதே மாணவர்கள்தான் ஆய்வுக்கும் முதலில் கைக்கு எட்டுகிறவர்கள். பதினெட்டு வயது, ஆரோக்கியம், பக்கத்திலேயே விடுதி, செலவில்லை. யோகா செய்தால் நாடித்துடிப்பு எப்படி மாறுகிறது, தேர்வு நேரத்தில் இரத்த அழுத்தம் ஏறுகிறதா என்றெல்லாம் கேட்கும் ஆய்வுகளுக்கு முதலாண்டு வகுப்பே போதும். ஆனால் கேட்பவர் இன்டர்னல் மார்க் போடுகிறவர். அவரிடம் "எனக்கு விருப்பமில்லை சார்" என்று எந்த மாணவர் சொல்வார்? ஏற்கெனவே கோட்டா என்று குத்திக் காட்டப்படுகிற மாணவர் சொல்வாரா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், படிநிலையில் கீழே இருக்கும் மாணவர்களையும் ஊழியர்களையும் எளிதில் பாதிப்புக்குள்ளாகக் கூடியவர்களின் பட்டியலில் வைத்திருப்பது இதனால்தான். அந்தப் பட்டியலில் தன் பெயர் இருப்பது மாணவருக்கே தெரிவதில்லை.

வாசலுக்கு வெளியே இருக்கும் உடல்

கல்லூரிக்குள் கிடைக்காத உடல்கள் வெளியே கிடைக்கின்றன. இந்திய உடலியங்கியல் இதழ்களைப் புரட்டினால் ஒரு வகை ஆய்வு திரும்பத் திரும்பக் கண்ணில் படும். தெருக் கூட்டும் தொழிலாளரின் நுரையீரல் செயல்பாடு. கல்குவாரித் தொழிலாளரின் நுரையீரல் செயல்பாடு. தோல் பதனிடும் தொழிலாளர், பஞ்சாலைத் தொழிலாளர், செங்கல் சூளைத் தொழிலாளர் என்று பட்டியல் நீளும். இந்த வேலைகளில் பலவற்றை யார் செய்கிறார்கள் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கட்டுரையில் மட்டும் அது வராது. வயது, உயரம், எடை, வேலை செய்த ஆண்டுகள், புகைப்பழக்கம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கும். அந்த வேலைக்கு அவர் ஏன் வந்தார் என்பதற்குக் கட்டம் இருக்காது.

ஆய்வு நடக்கும் விதம் எளிது. ஆழமாக மூச்சை இழுத்து, முடிந்த வேகத்தில், முடிந்த மட்டும் ஊதச் சொல்வார்கள். மொத்தமாக வெளியேறிய காற்றின் அளவு ஒன்று. முதல் ஒரு வினாடியில் வெளியேறிய அளவு இன்னொன்று. மொத்தத்தில் முதல் வினாடியின் பங்கு குறைந்தால் மூச்சுக்குழாயில் அடைப்பு இருக்கிறது என்று பொருள். பங்கு சரியாக இருந்து மொத்தமே குறைந்தால் நுரையீரல் விரிய முடியாமல் சுருங்கியிருக்கலாம். தூசியில் உழைப்பவர்களின் எண்கள் அலுவலகத்தில் உழைப்பவர்களைவிடக் குறைவு என்று ஆய்வு முடியும். கடைசிப் பத்தியில், தொழிலாளர்கள் முகக்கவசம் அணிய வேண்டும், அவர்களுக்கு விழிப்புணர்வு தேவை என்று ஒரு வரி வரும். மாணவருக்குப் பட்டம் கிடைக்கும். வழிகாட்டிக்கு ஒரு கட்டுரை கூடும். ஊதியவருக்கு?

நாங்கள் வேலை செய்யும் தூய்மைப் பணியாளர் குடியிருப்பு ஒன்றுக்கும் இப்படி ஒரு குழு வந்தது. மருத்துவக் கல்லூரி வண்டி வருகிறது, எல்லோரும் வேலை முடிந்ததும் வந்து நில்லுங்கள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். காலை நாலரை மணியிலிருந்து வெறும் வயிற்றோடு கூட்டி முடித்த பெண்கள் வரிசையில் நின்றார்கள். தாளில் கையெழுத்து வாங்கினார்கள். என்ன எழுதியிருந்தது என்று கேட்டோம். "அட்டெண்டன்ஸ்னு நெனச்சோம்" என்றார் ஓர் அக்கா. ஊதினார்கள், போனார்கள். யார் நுரையீரல் எப்படி இருக்கிறது என்று இன்றுவரை யாரும் வந்து சொல்லவில்லை. அந்த வரிசையில் நின்றவர்களில் இருவர் இப்போது மூச்சு வாங்குகிறது என்று வேலையை விட்டுவிட்டார்கள். ஆய்வில் அவர்கள் ஒரு சராசரிக்குள் கரைந்துபோன இரண்டு எண்கள்.

வேலையை விட்டவர்களைப் பற்றி இன்னொன்று. இப்படிப்பட்ட ஆய்வுகள் வேலையில் இருப்பவர்களை மட்டுமே அளக்கின்றன. நோயால் நின்றவர்களும் செத்தவர்களும் கணக்கில் வருவதில்லை. அதனால் பாதிப்பு உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகவே தெரியும். சமூகவியலிலும் தொற்றுநோயியலிலும் முதலாண்டிலேயே சொல்லித் தருகிற பிழை இது. ஆனாலும் ஆய்வாளர்கள் குடியிருப்பின் உள்ளே வந்து, வீட்டில் படுத்திருப்பவரைத் தேடுவதில்லை.

"இயல்பு" என்பது யாருடைய அளவு?

ஒருவரின் மூச்சு அளவு சரியா குறைவா என்று கருவி எப்படிச் சொல்கிறது? அவருடைய வயது, பாலினம், உயரம் மூன்றையும் வைத்து இவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒரு சமன்பாடு சொல்லும். அதோடு ஒப்பிடுவார்கள். உயரம் கூடினால் மூச்சு அளவு கூடும் என்பதை ஸ்பைரோமீட்டரை உருவாக்கிய ஜான் ஹட்சின்சன் 1846லேயே லண்டனில் கண்டு சொன்னார். அதில் தவறில்லை.

ஆனால் உயரம் எங்கிருந்து வருகிறது? ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பட்டியலினக் குழந்தைகளிடையே இது சுமார் 39 சதவீதம். தாயின் பட்டினியும் பிள்ளையின் பட்டினியும் உயரத்தைக் குறைக்கின்றன. நுரையீரலின் வளர்ச்சியையும் குறைக்கின்றன. அந்தப் பிள்ளை வளர்ந்து கருவியின் முன் நிற்கும்போது, "நீ குள்ளம், உனக்கு இவ்வளவு மூச்சு போதும்" என்று சமன்பாடு சொல்கிறது. பட்டினியால் இழந்தது முதலிலேயே கழிக்கப்பட்டுவிடுகிறது. எஞ்சியதற்கு "இயல்பு" என்று முத்திரை விழுகிறது.

இதைவிட மோசமான கழித்தல் அமெரிக்காவில் நடந்தது. அடிமை முறையை ஆதரித்த சாமுவேல் கார்ட்ரைட் என்னும் மருத்துவர், கறுப்பின மக்களின் நுரையீரல் பிறவியிலேயே சிறியது என்று 19ஆம் நூற்றாண்டில் வாதாடினார். தப்பியோடும் அடிமைகளுக்கு மனநோய் என்று பெயர் சூட்டிய அதே ஆள்தான். அடிமை முறை ஒழிந்தது, அந்தக் கருத்து ஒழியவில்லை. கறுப்பினத்தவர் என்றால் 10 முதல் 15 சதவீதம், ஆசியர் என்றால் 4 முதல் 6 சதவீதம் என்று எதிர்பார்க்கும் அளவைக் குறைத்துக் கணக்கிடும் பழக்கம் மூச்சுக் கருவிகளின் மென்பொருளுக்குள் உட்கார்ந்துவிட்டது. லண்டி பிரவுன் என்னும் ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட நூல் இந்த வரலாற்றை விரிவாகத் தோண்டி எடுத்தது. அமெரிக்க மார்பு நோய் மருத்துவச் சங்கம் இனத்தைக் கணக்கில் சேர்க்காத சமன்பாட்டைப் பயன்படுத்துங்கள் என்று 2023இல்தான் பரிந்துரைத்தது. எதிர்பார்க்கும் அளவைக் குறைத்தால் நோயாளி ஆரோக்கியமானவராகத் தெரிவார். ஆரோக்கியமானவருக்கு இழப்பீடு கிடையாது. விஷயம் அவ்வளவுதான்.

இங்கே நம் தோழர்கள் ஒரு பொறியில் விழாமல் இருக்க வேண்டும். ஆய்வில் சாதிக்கும் ஒரு கட்டம் வேண்டும் என்று நாம் கேட்கிறோம். அதைக் கேட்டவுடன், "சரி, இன்ன சாதிக்கு இவ்வளவு மூச்சு" என்று அட்டவணை போடக் கிளம்புவார்கள். அது கார்ட்ரைட்டின் பாதை. சாதியை உடலின் குணமாக எழுத நாம் அனுமதிக்க முடியாது. சாதி, உடலுக்கு வெளியே இருந்து உடலுக்குள் இறங்கும் நிலைமை. எந்த வேலை, எத்தனை மணி நேரம், எந்தத் தெருவில் வீடு, குழந்தையாக இருந்தபோது தட்டில் என்ன விழுந்தது என்பவைதான் அதன் அளவுகள். அவற்றைக் கேட்டு எழுதுங்கள் என்கிறோம்.

தொடாமல் அளக்க முடியாது

உடலியங்கியல் தொட்டுச் செய்கிற அறிவியல். நாடி பிடிக்க வேண்டும், கையில் பட்டை கட்ட வேண்டும், முதுகை நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். மூச்சுப் பரிசோதனையில் ஒத்துப்போகும் மூன்று ஊதல்கள் வரும்வரை பொறுமையாகப் பக்கத்தில் நின்று ஊக்கப்படுத்த வேண்டும் என்பது சர்வதேச விதி. தள்ளி நின்று "ஊது, ஊது" என்று அதட்டினால் எண் தப்பும். அப்புறம் அந்தத் தப்பான எண்ணுக்குப் பெயர் அறிவியல்.

பாபாசாகேப் அம்பேத்கர் "வெயிட்டிங் ஃபார் எ விசா" நூலில் கத்தியவாரைச் சேர்ந்த ஒரு தலித் ஆசிரியருக்கு நேர்ந்ததைப் பதிவு செய்திருக்கிறார். பிள்ளை பெற்ற அவருடைய மனைவிக்கு உடம்பு முடியவில்லை. வந்த மருத்துவர் சேரிக்குள் நுழையவில்லை, அந்தப் பெண்ணைத் தொடவுமில்லை. வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவிக்கு வைத்தார். அதே வழியில் வெப்பமானி திரும்பிப் போனது. நிமோனியா என்று சொல்லிவிட்டு மருத்துவர் கிளம்பினார். அந்தப் பெண் இறந்துபோனார். இது 1929ஆம் ஆண்டுச் செய்தி. வெப்பமானி சரியான எண்ணைக் காட்டியிருக்கலாம். ஆனாலும் அது மருத்துவமாக இருக்கவில்லை. எண்ணை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டுப் போகிற வழக்கம் அப்போதே இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

சம்மதமும் இப்படித்தான் கை மாறுகிறது. 2009-10இல் ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு நடந்தது. கம்மம் பகுதியில் பழங்குடி மாணவிகள் பலருக்காகச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. தடுப்பூசி தேவை என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஒரு பெண்ணின் உடலுக்கு அவளும் அவள் பெற்றோரும் சொல்ல வேண்டிய சம்மதத்தை அவளை மேய்க்கும் அதிகாரி சொல்லலாம் என்று நினைத்ததுதான் குற்றம். விடுதியில் காப்பாளர் செய்ததைக் குடியிருப்பில் சூப்பர்வைசர் செய்கிறார், வகுப்பில் பேராசிரியர் செய்கிறார்.

அளவை உரிமையாக மாற்றுவது எப்படி?

ஆய்வே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது நமக்கு நாமே குழி தோண்டுவது. கழிவுநீர்த் தொட்டிகளைச் சுத்தம் செய்கிறவர்களில் மத்திய அரசு 2024 வரை கணக்கெடுத்த சுமார் 38,000 பேரில் 69 சதவீதம் பேர் பட்டியலினத்தவர். அந்தத் தொட்டிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடும்போது மூக்கின் வாசனை உணர்வையே முடக்கிவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குபவர் சாகிறார். உயிரணு ஆக்ஸிஜனைப் பயன்படுத்துவதையே அந்த வாயு தடுத்துவிடுகிறது. இதை நமக்குச் சொன்னது உடலியங்கியல். "குடித்துவிட்டு இறங்கினான்" என்று ஒப்பந்ததாரர் சொல்லும் பொய்யை உடைக்க நமக்கு இந்த அறிவு வேண்டும்.

எண் உரிமையாக மாறும் என்பதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. ராஜஸ்தானில் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரலில் கல்தூசி படிந்து வரும் சிலிகோசிஸ் நோய்க்கு எதிராகத் தொழிலாளர் அமைப்புகள் பல ஆண்டுகள் போராடின. மாநில அரசு 2019இல் அதற்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. மருத்துவக் குழு சான்றளித்தால் நோயாளிக்கு உதவித்தொகை, இறந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை. அங்கே மருத்துவரின் அளவு தொழிலாளியின் கைக்குச் சான்றிதழாகப் போனது. தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்டத்தில் தொழில்நோய்ப் பட்டியலில் பெயர் உள்ள நோய் என்றால் வேலையால் வந்தது என்று சட்டமே ஏற்றுக்கொள்ளும். பட்டியலில் இல்லாத நோய் என்றால் நிரூபிக்க வேண்டிய சுமை தொழிலாளியின் தலையில். தெருக் கூட்டும் அக்காவிடம் எக்ஸ்ரேகூட இல்லை. அவருடைய நுரையீரலைப் பற்றிய எண்ணோ எங்கோ ஒரு நூலகத்தில், ஆய்வேட்டுக்குள் தூங்குகிறது.

ஆகவே மருத்துவ மாணவத் தோழர்களிடம் நாம் கேட்பது இவை.

ஒன்று, உங்கள் உடலை ஆய்வுக்குக் கேட்டால் தகவல் தாளைக் கேளுங்கள். மறுத்தால் மதிப்பெண்ணுக்குப் பாதிப்பு வராது என்று அதில் எழுதியிருக்கிறதா பாருங்கள். கேட்பவர் உங்களுக்கு மதிப்பெண் போடுகிறவர் என்றால் சம்மதம் வாங்கும் வேலையை வேறொருவர் செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். தனியாகச் சொல்ல முடியாவிட்டால் வகுப்பாகச் சொல்லுங்கள்.

இரண்டு, ஒவ்வொரு கல்லூரியிலும் நெறிமுறைக் குழு இருக்கிறது. அதில் குறைந்தது ஏழு பேர், கல்லூரிக்கு வெளியே இருந்து தலைவர், சட்டம் தெரிந்தவர், சமூக அறிவியலாளர், பொதுமக்களில் ஒருவர் இருக்க வேண்டும் என்று நெறிமுறைகள் சொல்கின்றன. அந்தப் பொதுமக்களில் ஒருவர் ஏன் எப்போதும் ஓய்வுபெற்ற அதிகாரியாகவோ தொழிலதிபராகவோ இருக்க வேண்டும்? தூய்மைப் பணியாளர் சங்கத்திலிருந்து ஓர் அக்கா ஏன் இருக்கக் கூடாது? அரசுக் கல்லூரியென்றால் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

மூன்று, தொழிலாளரை அளக்கும் எந்த ஆய்வும் அவரவர் முடிவை அவரவர் கையில், தமிழில், எழுதிக் கொடுத்தாக வேண்டும். குறை இருந்தால் மார்பு நோய்ப் பிரிவுக்குச் சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். மொத்த முடிவைச் சங்கத்திடமும் நகராட்சியிடமும் தர வேண்டும். இது கருணை அல்ல, பலன் பங்குபெறுவோருக்கும் சேர வேண்டும் என்பது நெறிமுறையிலேயே இருக்கிறது.

நான்கு, நீங்களே ஆய்வு செய்யுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கென்றே குறுகிய கால ஆய்வு உதவித்தொகைத் திட்டம் வைத்திருக்கிறது. உங்கள் தெருவைப் பற்றி, உங்கள் அம்மாவின் வேலையைப் பற்றிக் கேள்வி எழுப்ப உங்களைவிடத் தகுதியானவர் யார்? சமூகவியல் படித்தவர்கள் துணைக்கு வருகிறோம். வேலையை விட்டு வீட்டில் இருமிக்கொண்டிருப்பவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பு எங்களுடையது. மூச்சை அளக்கும் பொறுப்பு உங்களுடையது.

"முகக்கவசம் அணிய வேண்டும்" என்ற வரியோடு இனி எந்த ஆய்வேடும் முடியக் கூடாது. முகக்கவசத்தை யார் வாங்கித் தர வேண்டும், வாங்கித் தராதவர் மீது என்ன நடவடிக்கை, கூட்டும் வேலை ஏன் இன்னும் விளக்குமாறோடும் ஒரே சாதியோடும் கட்டப்பட்டிருக்கிறது என்று எழுதுகிற ஆய்வேடு நமக்கு வேண்டும். அதை எழுதப்போகிறவர்கள் இப்போது முதலாண்டு வகுப்பில், கடைசி வரிசையில், வைவாவை நினைத்துப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பயப்பட வேண்டாம் தோழர்களே. அந்தக் கூடத்தில் இருக்கிற அறிவு நம் உடல்களிலிருந்து எடுக்கப்பட்டது. அதைக் கேட்டு வாங்க நமக்கு உரிமை இருக்கிறது.

ஜெய் பீம்.